நாலு புத்தகமும் ஒரு இடது காலும்

பட்டுச் சேலைக்கு டிசைன் போடுவது என் வேலை. காஞ்சிபுரம் என்று சொன்னதும் வெளியூர்க்காரர்கள் தறி எத்தனை ஓடுகிறது என்று கேட்பார்கள். ஒன்றும் ஓடவில்லை. எங்கள் வீட்டில் யாரும் தறியில் உட்கார்ந்ததில்லை. தாத்தா கூரம் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டினார். அப்பா அரிசி மண்டியில் மூட்டை தூக்கினார். அம்மா சத்துணவுக் கூடத்தில் சமைத்தாள், ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சுக்குப் போனாள். எனக்குப் படம் போட வந்தது. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு கிராஃப் கடைக்குள் நுழைந்தவன், இருபது வருஷமாக அங்கேயே இருக்கிறேன்.

கிராஃப் என்றால் கட்டம் போட்ட தாள். ஒவ்வொரு கட்டமும் ஓர் இழைக்குச் சமம். கட்டங்களை நிரப்பி மயில், மாங்காய், யாளி என்று போட்டுக் கொடுத்தால், அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை குத்துவார்கள். அட்டை தறிக்கு மேலே ஏறும், மயில் சேலையில் இறங்கும். இப்போது தாள் போய்க் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. கட்டம் போகவில்லை.

இந்த வேலையில் ஒரு சௌகரியம் உண்டு. பாதி வரைந்தால் போதும். எதிரெதிரே நிற்கும் இரண்டு மயிலில் ஒன்றைத்தான் நாங்கள் போடுவோம். மற்றதைக் கம்ப்யூட்டர் திருப்பிப் போட்டுக்கொள்ளும். அதற்கு மிரர் என்று ஒரு பட்டன் இருக்கிறது. இருதலைப் பட்சிக்கு ஒரு தலை, கோபுரத்துக்குப் பாதிக் கோபுரம். நான் நடுக்கோட்டைத் திரையின் இடது ஓரத்தில் வைத்துக்கொண்டு, அங்கிருந்து வலப்பக்கமாகப் போட்டுக்கொண்டே போவேன். அதாவது வலது பாதி எப்போதும் நான் போட்டது, இடது பாதி மிரர் போட்டது. பக்கத்து மேசைக்காரர் இதற்கு நேர்மாறு. அவரவர் கைவாகு. என் கைவாகு எனக்கு எதிராகவே சாட்சி சொல்ல வரும் என்று அப்போது தெரியாது.

எனக்கு ஒரு அக்கா. என்னைவிட இரண்டு வயது பெரியவள். மூன்று வயதில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிப் போனது. முட்டிக்கு மேலிருந்து ஷூ வரை இறங்கும் இரண்டு இரும்புக் கம்பிகள், நாலு தோல் பட்டைகள், இதற்குப் பெயர் காலிப்பர். அது இல்லாமல் நிற்க முடியாது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு இ-சேவை மையத்தில் கவுண்டரில் இருக்கிறாள். சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டில் பெயர்த் திருத்தம், பஸ் பாஸ் என்று ஊரில் பாதிப் பேருடைய பிறந்த தேதி அவளுக்குத் தெரியும். பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டியில் வருவாள், போவாள். கல்யாணம் ஆகவில்லை. அம்மாவோடு இருக்கிறாள். நான் அடுத்த தெருவில்.

சின்ன வயதில் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வந்த காமிக்ஸ் புத்தகங்களை அந்தக் கடைக்காரர் எங்களுக்கு இரவல் தருவார். அக்கா கதையைப் படிப்பாள், நான் படத்தைக் காப்பி அடிப்பேன். பாதிப் புத்தகங்களுக்குக் கடைசிப் பக்கம் இருக்காது. முடிவை அக்காவே சொல்வாள். அவள் சொன்ன முடிவு எதிலும் வில்லன் சாகமாட்டான், அசிங்கப்பட்டுப் போவான்.

நாற்பதை நெருங்கும்போது ஒரு நாள் அவள் என்னிடம் ஒரு கட்டுத் தாளைக் கொடுத்தாள். கவுண்டரில் சர்வர் வேலை செய்யாத நேரங்களில், வீணாய்ப் போன பிரின்ட் அவுட்டுகளின் பின்பக்கத்தில் எழுதியது. ஒரு சூப்பர் ஹீரோ கதை. நாலே புத்தகம், நாலாவதில் முடிந்துவிட வேண்டும் என்றாள். இழுத்துக்கொண்டே போகிற கதைகளின் மேல் அவளுக்கு ஒரு எரிச்சல் உண்டு.

கதாநாயகி இ-சேவை மையத்தில் வேலை செய்பவள். இடது காலில் காலிப்பர். அந்தக் காலைத் தரையில் தட்டி "நில்லு" என்று சொன்னால் தெருவில் எல்லாம் நின்றுவிடும். பஸ், ஆட்டோ, மழை, கைதட்டல், கொதிக்கிற பால் உட்பட. மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் வரைக்கும்தான். மூச்சு விட்டால் எல்லாம் ஓட ஆரம்பித்துவிடும். புத்தகத்தின் பெயரும் 'நில்லு'தான்.

இந்தச் சக்தியை எங்கிருந்து எடுத்தாள் என்று நான் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் போகும்போது நான் முன்னால் ஓடுவேன். பின்னாலிருந்து "நில்லுடா, கொஞ்சம் நில்லு" என்று குரல் வந்துகொண்டே இருக்கும். நான் நின்றதைவிட நிற்காத நாட்கள் அதிகம்.

நான் ஒரு யோசனை சொன்னேன். காஞ்சிபுரத்துக் கதாநாயகி என்பதால் அவள் கையிலிருந்து பட்டு நூல் பறக்கிற மாதிரி வைத்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்றேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இந்த ஊரில் இருப்பவர்கள் எல்லாரும் கையில் நூலோடுதான் பிறக்கிறார்களா, நம் வீட்டில் யார் கையில் நூல் இருந்தது என்று கேட்டாள். அதோடு நூல் கதை முடிந்தது. பிறகு அவளும் ஒரு நிபந்தனை சொன்னாள். அதைச் சொல்லும்போது விளையாட்டு இல்லை.

"நாலாவது புக்குலகூட அவ காலு சரியாவாதுடா. சரியாவுற மாதிரி ஒரு படம்கூட வரக்கூடாது. இதுக்கு ஒத்துக்கினா போடு, இல்லன்னா குடுத்துடு."

அவள் படித்த கதைகளிலும் பார்த்த படங்களிலும் கால் வராதவர்கள் கடைசியில் ஊன்றுகோலை எறிந்துவிட்டு ஓடுவார்கள். கோயிலில் ஓடுவார்கள், சர்ச்சில் ஓடுவார்கள், காதலனைப் பார்த்தால் ஓடுவார்கள். ஒவ்வொரு முறையும் பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பி அக்காவைப் பார்ப்பார்கள். நான் ஒத்துக்கொண்டேன். இதில் என்ன கஷ்டம், இரண்டு கம்பி வரைய வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

வரைய உட்கார்ந்த பிறகுதான் எனக்கு வரையத் தெரியாது என்பது தெரிந்தது. இருபது வருஷம் கட்டம் நிரப்பிய கை. கதாநாயகியின் கன்னத்தில் படிக்கட்டு வைத்திருந்தேன். விரல்கள் ஜரிகைக் கரையில் வரும் ஊசிக் கோபுரம் மாதிரி முக்கோணமாக நின்றன. எல்லாரும் நேராகப் பார்த்தார்கள். டீ குடிப்பவன் நேராகப் பார்த்தபடியே குடித்தான், அடி வாங்குபவன் நேராகப் பார்த்தபடியே வாங்கினான். பக்கத்துக்கு ஆறு கட்டம், எல்லாம் ஒரே அளவு. அக்கா பார்த்துவிட்டு, வரிசை வரிசையாகப் புட்டாப் பூப் போட்ட சேலை நன்றாக இருக்கிறது, கதை எங்கே என்று கேட்டாள்.

இதைவிடப் பெரிய கூத்து வில்லன் விஷயத்தில் நடந்தது. வில்லனுடைய சக்தி, எந்த வரிசையில் நின்றாலும் அவன்தான் முதல் ஆள். முன்னால் நிற்பவர்கள் தானாகப் பின்னால் போய்விடுவார்கள். ஆஸ்பத்திரி டோக்கன், தண்ணீர் லாரி, கருட சேவைக் கூட்டம், எதிலும் அவன் முந்திவிடுவான். வரிசைகளைப் பார்த்துப் பார்த்தே வயிறெரிந்த ஒருத்தியால்தான் இப்படி ஒரு வில்லனை யோசிக்க முடியும். எல்லாரையும் முந்துகிறவன் என்பதால் அவனுக்கு 'முந்தி' என்று பெயர் வைத்திருந்தாள். கதையில் "முந்தி பளபளவென்று வருகிறது, எல்லாரும் விலகுகிறார்கள்" என்று எழுதியிருந்தாள். அவனை 'அது' என்றுதான் எழுதுவாள், அவ்வளவு மரியாதை. சேலைக் கடையில் முந்தி என்றால் முந்தானை. எனக்கு வேறு அர்த்தமே தோன்றவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து, அன்னம், யாளி, இருதலைப் பட்சி எல்லாம் வைத்து, தெருவை அடைத்துக்கொண்டு பறந்து வரும் ஒரு முந்தானையை வரைந்தேன். கூட்டம் விலகி நின்று அதைப் பார்த்தது.

அக்கா அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் கவுண்டரில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஆனால் படத்தைக் கிழிக்க விடவில்லை. மற்ற ஊர்களில் இப்படிப்பட்டவர்கள் முதுகில் துணி கட்டிக்கொண்டு பறக்கிறார்களே, நம்முடைய வில்லன் முந்தானை கட்டிக்கொண்டு பறக்கட்டும் என்றாள். அப்படித்தான் முந்திக்கு முந்தி கிடைத்தது.

அந்த வருஷம் முழுக்க நான் சாயங்காலம் கடையை விட்டதும் நேராக அம்மா வீட்டுக்குப் போவேன். அக்கா பட்டைகளை அவிழ்த்துக் காலிப்பரைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருப்பாள். நான் தரையில். கட்டம் இல்லாத வெள்ளைத் தாளில் போடப் பழகினேன். பக்கவாட்டில் ஒரு பஸ்ஸை வரைய எனக்கு ஒரு மாதம் ஆனது. சுவரில் சாய்ந்திருக்கும் காலிப்பரைப் பார்த்துப் பார்த்து அதன் கொக்கி, திருகாணி, தோல் கிழிந்த இடம் எல்லாம் மனப்பாடம் ஆனது. முதல் புத்தகத்தின் இருபத்து நாலு பக்கத்திலும் அது சரியாக இருந்தது. இடது காலில்தான் இருந்தது. அக்கா ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துத் தலையாட்டினாள். இவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை. நானும் சந்தோஷமாக இருந்தேன்.

அட்டைப் படத்தை மட்டும் கடையில் கம்ப்யூட்டரில் போட்டேன். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஒரு அச்சகத்தில் பேசியிருந்தோம், அவர்கள் அவசரப்படுத்தினார்கள். ராஜ வீதியின் நடுவில் கதாநாயகி நேராக நம்மைப் பார்த்து நிற்கிறாள். பின்னால் கோபுரம். இரண்டு பக்கமும் உறைந்து நிற்கும் பஸ்கள், ஆட்டோக்கள், ஜனங்கள். மிரருக்கென்றே பிறந்த படம். பாதியைப் போட்டேன், பட்டனைத் தட்டினேன், முழு வீதி வந்துவிட்டது. திருப்பிப் பார்க்கும்போது ஒரு பக்கத்துப் பஸ்ஸின் போர்டில் காஞ்சிபுரம் என்ற எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாகத் திரும்பியிருந்தது. அதைக் கவனமாக அழித்துவிட்டு நேராக எழுதினேன். கடை முதலாளிகூட எட்டிப் பார்த்து, உற்சவர் மாதிரி நிற்கிறாளே என்று பாராட்டினார். அக்காவுக்குக் காட்டாமலே அச்சுக்கு அனுப்பினேன். கட்டைப் பிரிக்கும்போது அவள் ஆச்சரியப்பட வேண்டும் என்று ஆசை.

முன்னூறு புத்தகம் வந்தது. அச்சகத்தில் கைப்பழக்கத்தில் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழியும் கடைசிப் பக்கத்தில் சுபம் என்றும் போட்டிருந்தார்கள். கதை பாதியில் தொங்குகிறது, அதற்குக் கீழே சுபம். நான் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே அக்காவின் கவுண்டரில் வைத்துக் கட்டைப் பிரித்தேன். அக்கா ஒரு புத்தகத்தை எடுத்து அட்டையைப் பார்த்தாள். உள்ளே புரட்டவில்லை. அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நல்லா வந்திருக்குது என்று சொல்லிவிட்டு, டோக்கன் நம்பரைக் கூப்பிட ஆரம்பித்தாள்.

வீட்டுக்குப் போய் நானே பார்த்தபோதுதான் தெரிந்தது. அட்டையில் நிற்பவளுக்கு இரண்டு காலும் நன்றாக இருந்தது. இரண்டு செருப்பு, இரண்டு நேரான கால். ஒரு கம்பிகூட இல்லை. மறுநாள் காலையில் ஓடினேன். மிரரில் போட்டதால் வந்த வினை, அடுத்த புத்தகத்தில் சரி செய்துவிடலாம் என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். சரிடா, பரவாயில்ல என்றாள். அந்தப் பரவாயில்லையை நம்பி நான் நிம்மதியாகக் கடைக்குப் போனேன். எவ்வளவு மடையன்.

புத்தகம் கவுண்டரிலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் பஸ் பாஸ் புதுப்பிக்க ஒரு பெண் வந்தாளாம். அவளுக்கும் காலில் காலிப்பர். போன முறை வாங்கிப் போன புத்தகத்தைப் படித்திருக்கிறாள். உள்ளே கதாநாயகிக்குக் கால் இப்படி, அட்டையில் கால் அப்படி. அதை வைத்து அவளாகவே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறாள். கவுண்டரில் குனிந்து, சந்தோஷமாகக் கேட்டாளாம், "கடைசில காலு சரியாயிடுதாக்கா?" என்று.

அன்றைக்குச் சாயங்காலம் நான் போனபோது அக்கா காலிப்பரைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நடந்ததைச் சொன்னாள். நான் மறுபடியும் மிரர் என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"பஸ்ஸு போர்டு திரும்பிக்கினு இருக்குதுன்னு உன் கண்ல பட்டுது. அத அழிச்சி நேரா எழுதின. என் காலு உன் கண்ல படல. மிரருன்னா எனக்குத் தெரியும்டா. நீ எந்தப் பாதிய எடுத்த? அத மட்டும் சொல்லு."

இரண்டாவது புத்தகம் வராது என்றாள். காலிப்பரைக் கழற்ற ஆரம்பித்தாள். பட்டை ஒவ்வொன்றும் அவிழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இந்த இடத்தில் ஒரு பழைய விஷயத்தைச் சொல்ல வேண்டும். அக்காவுக்கு இருபத்து நாலு வயதில் மாப்பிள்ளை பார்த்தார்கள். போட்டோ எடுக்க ஸ்டூடியோவுக்கு அவளை நான்தான் கூட்டிப் போனேன். உட்கார வைத்து எடுக்கச் சொல் என்று அம்மா என் காதில் சொல்லி அனுப்பியிருந்தாள். ஸ்டூடியோக்காரர் நிற்கச் சொன்னார். நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். சேலையின் கொசுவத்தைத் தரைவரைக்கும் விரித்துவிட்டேன், ஷூ தெரியாமல். போட்டோ நன்றாக வந்தது. மாப்பிள்ளை வீட்டார் போட்டோவைப் பார்த்து ஆசையாக வந்தார்கள். அக்கா நடந்து வந்து காப்பி கொடுத்தாள். மரியாதையாகக் குடித்தார்கள், மரியாதையாகப் போனார்கள். அதற்குப் பிறகு அடையாள அட்டைக்குத் தவிர யாரும் தன்னைப் போட்டோ எடுக்க அவள் விட்டதில்லை. வீட்டு விசேஷப் படங்கள் எதிலும் அவள் இல்லை.

ஒரு வாரம் நான் அம்மா வீட்டுப் பக்கம் போகவில்லை. எனக்குக் கோபமும் இருந்தது. ஒரு வருஷ உழைப்பு, ஒரு பட்டன் செய்த தப்பு, அதற்கு இவ்வளவா என்று. நிரூபித்துவிடலாம் என்று தோன்றியது. கைப்பழக்கத்தில் ஏதோ ஒரு பாதியைப் போட்டேன், அது நல்ல காலாக அமைந்துவிட்டது, இதில் என் மனசுக்குச் சம்பந்தமில்லை. இதைக் காட்டிவிட்டால் போதும். கடையில் அட்டைப் படத்தின் ஃபைலைத் திறந்தேன். நான் போட்ட பாதி ஒரு அடுக்கிலும் மிரர் போட்ட பாதி இன்னொரு அடுக்கிலும் தனித்தனியாக இருக்கும். எது யார் போட்டது என்று கம்ப்யூட்டரே எழுதி வைத்திருக்கும்.

திறந்து பார்த்தேன். நான் போட்டது இடது பாதி.

முதலில் எனக்கு உறைக்கவில்லை. பிறகு என் பழைய டிசைன்களைத் திறந்து பார்த்தேன். மயில், யாளி, கோபுரம், எல்லாவற்றிலும் நான் போட்டது வலது பாதி. நூற்றுக்கணக்கான டிசைன், எல்லாம் வலது பாதி. கதாநாயகி நம்மைப் பார்த்து நிற்கிறாள், ஆகவே படத்தின் வலது பாதியில்தான் அவளுடைய இடது கால் வரும். கைப்பழக்கப்படி போட்டிருந்தால் இரண்டு காலிலும் காலிப்பர் வந்திருக்கும். அதுவும் தப்புதான், ஆனால் சிரிக்கக்கூடிய தப்பு. அக்கா நிச்சயம் சிரித்திருப்பாள். இருபது வருஷத்தில் ஒரே ஒரு முறை, இந்த ஒரு படத்துக்கு மட்டும், என் கை அந்தப் பக்கத்துக்குப் போயிருக்கிறது.

அப்படி முடிவு செய்ததாக எனக்கு நினைவில்லை. எவ்வளவு யோசித்தாலும் நினைவு வரவில்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கிறது. அட்டை அழகாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் வேலையை ஆரம்பித்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. ஸ்டூடியோவில் நாற்காலியை இழுத்துப் போட்டவனும் நான்தான், அப்போதாவது அம்மா சொல்லிச் செய்தேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இ-சேவை மையத்துக்குப் போனேன். கவுண்டரில் ஒரே ஒருவர் மட்டும் இருந்தார். ஓரமாக நின்று அக்காவிடம் சொன்னேன்.

"நல்ல காலத்தான்க்கா எடுத்தேன். எப்பவும் அந்தப் பக்கம் நான் போடவே மாட்டேன். இதுக்கு மட்டும் மாத்திப் போட்டிருக்கேன்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. அந்த ஒருவருக்கு ரேஷன் கார்டில் தந்தை பெயரில் ஒரு எழுத்து திருத்த வேண்டியிருந்தது. திருத்தினாள், கையெழுத்து வாங்கினாள், பிரின்ட் எடுத்துக் கொடுத்தாள். அவர் போன பிறகு என் பக்கம் திரும்பினாள். "மிஷினு மேலயே பழியப் போட்டுக்கினு திரியப் போறன்னு பாத்தேன்" என்றாள். அப்புறம் இழுப்பறையைத் திறந்து ஒரு கட்டுத் தாளை எடுத்துக் கவுண்டர்மேல் வைத்தாள்.

இரண்டாவது புத்தகம். முதல் கட்டத்தில் கதாநாயகி பேசுகிறாள்: "போன புத்தகத்து அட்டையில் நின்றது நான் இல்லை."

அட்டையில் நின்றது ஒரு போலி. முந்திதான் அவளை உண்டாக்கி ஊருக்குள் விட்டிருக்கிறான். கதாநாயகி மாதிரியே முகம், அதே மாதிரி உடை, இரண்டு காலும் நேர். ஊருக்கு அவளைத்தான் பிடிக்கிறது. மாலை போடுகிறார்கள், பேனர் வைக்கிறார்கள். ஆனால் அவள் "நில்லு" என்று சொன்னால் ஒரு ஈகூட நிற்பதில்லை. என் தப்பை எடுத்துக் கதையாக்கிவிட்டாள். நான் கவுண்டரில் நின்றபடியே முழுதும் படித்தேன். பிறகு தாளைத் திருப்பிப் பார்த்தேன். அது வீணாய்ப் போன பிரின்ட் அவுட். அதில் இருந்த தேதி, பஸ் பாஸ் வாங்க அந்தப் பெண் வந்ததற்கு மறுநாள். எழுதி முடித்து உள்ளே வைத்துக்கொண்டுதான் எனக்காகக் காத்திருக்கிறாள். நான் வராமலே போயிருந்தால் என்ன செய்திருப்பாள் என்று இன்றுவரை கேட்கவில்லை.

இரண்டாவதும் மூன்றாவதும் வேகமாக முடிந்தன. போலியை மட்டும் மிரரில் போட்டேன், பாதிதான் வேலை. கதாநாயகியை முழுதாகக் கையால் போட்டேன். அவள் உடம்பு கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து, வலது தோள் தூக்கியிருக்கும். எந்தப் பாதியும் மறு பாதிக்கு ஒத்து வராது. படிப்பவர்களுக்கு யார் அசல் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாலாவதில் முந்தி எல்லாரையும் முந்திக்கொண்டு போய் நிற்கிற இடத்தில் கவுண்டரே இல்லை. வெறும் சுவர். முந்தானையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வரிசையின் கடைசிக்குத் திரும்பி வருகிறான். சாகவில்லை. அசிங்கப்பட்டுப் போகிறான்.

நாலாவது புத்தகத்துக்கு அட்டை பாக்கி. என்ன போடலாம் என்று கேட்டேன். நாளைக்கு விடிந்ததும் ராஜ வீதிக்கு வா, தாள் மட்டும் எடுத்துக்கொண்டு வா என்றாள்.

போனேன். கடைகள் திறக்கவில்லை. தெரு கூட்டுகிறவர்கள் அந்தக் கோடியில் இருந்தார்கள். அக்கா ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து வீதியின் நடுவுக்கு வந்தாள். சுடிதாரின் இடது கால் துணியை முட்டிக்கு மேலே மடித்து ஊக்கு குத்தியிருந்தாள். கம்பி, பட்டை, கொக்கி, ஷூ, சூம்பிய கெண்டைக்கால் எல்லாம் வெளியே தெரிந்தன. அம்மாவுக்கும் எனக்கும் தவிர யாருக்கும் அவள் காட்டாத கால். போட்டோ எடுத்துக்கொள்ளவா, அதைப் பார்த்துப் பிறகு போட்டுக்கொள்கிறேன் என்றேன். வேண்டாம், பார்த்தே போடு என்றாள். முழுதாகப் போட முக்கால் மணி நேரமாவது ஆகும், அவ்வளவு நேரம் நிற்க முடியுமா என்று கேட்டேன்.

"நிப்பேன். நீ சொல்லு."

எனக்குப் புரியவில்லை. அவள் சிரித்தாள்.

"எவ்ளோ வருசமா நான் சொல்லிக்கினு இருக்கிறேன். ஒரு வாட்டி நீ சொல்லேன்டா."

"நில்லுக்கா" என்றேன்.

நின்றாள். பால் வண்டி ஒன்று வந்து, அவளைப் பார்த்து வேகத்தைக் குறைத்து, ஒதுங்கிப் போனது. நான் நடைபாதையில் உட்கார்ந்து தாளைத் தொடையில் வைத்துக்கொண்டேன். நடுக்கோடு போடவில்லை. முதலில் இடது காலைப் போட்டேன்.